வெற்றிலை வழங்கும் மரியாதை

திருமணத்திற்கு அழைக்க வருவோர் தாம்பூலத் தட்டுடன் வருவதைத் தோட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம். அழைப்பிதழ் கையில் இருப்பினும், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலன்றிப் பெரியவர்கள் மனம் நிறைவதில்லை. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது?

பழமை

சிலப்பதிகாரத்தில், மதுரையில் கோவலன் உண்ட இறுதி உணவுக்குப்பின் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். விருந்தின் நிறைவு தாம்பூலம் என்பது அன்றே நிலைபெற்றிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா, அங்கு வெற்றிலை அளிப்பது பொன்னும் வெள்ளியும் அளிப்பதினும் உயர்ந்த மதிப்பாகக் கருதப்பட்டதென எழுதினார். 1443இல் விசயநகரம் சென்ற பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கிற்கு, மன்னர் வெற்றிலையும் கற்பூரமும் வழங்கிச் சிறப்புச் செய்தார்.

சொல்லுறுதி

தாம்பூலத்தை வலக்கையால், அல்லது இரு கையாலும், கொடுப்பதும் பெறுவதும் முறை. பெற்றுக்கொள்வது இசைவுக்கு அடையாளம். மறுப்பது உறவை மறுப்பதாகும். எழுத்தறிவு பரவாத காலத்தில் தாம்பூலம் மாற்றுவதே ஒப்பந்தமாக விளங்கியது. நிச்சயதார்த்தத்தில் ஊரார் முன்னிலையில் தட்டு மாற்றியபின் சொல் மாறுவது பெரும் இழுக்கு.

மலாய் மக்களிடையே

நம் மலாய் அண்டை வீட்டாரும் இம்முறையைப் போற்றுகின்றனர். பெண் கேட்கச் செல்வோர் 'தெப்பாக் சிரே' எனும் வெற்றிலைப் பேழையை முன்வைத்துப் பேச்சைத் தொடங்குவர். மலாய்மொழியில் பாக்குக்குப் 'பினாங்' என்பது பெயர். பெண் கேட்பதைக் குறிக்கும் 'மெமினாங்' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. பினாங்குத் தீவின் பெயரும் பாக்கு மரத்தால் வந்ததே. மொழியும் சமயமும் வேறாயினும் மரியாதையின் அடையாளம் ஒன்றாயிருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

மெல்லுதல் வேறு

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வெற்றிலை வழங்குதல் பண்பாடு. அதை நாள்தோறும் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லுதல் பழக்கம். இரண்டும் ஒன்றல்ல. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூட அத்தகையனவே என 2004இல் அதன் அறிக்கை கூறிற்று. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இப்பழக்கம் முக்கியக் காரணமாகும்.

பால்மரம் வெட்டும்போது பசியும் களைப்பும் தெரியாதிருக்க மென்றவர்கள் நம் பாட்டிமார். அவர்களைப் பழித்தல் தகாது. அன்று இவ்வறிவு இல்லை. இன்று அறிந்த நாம் அப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாகாது. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெண்மையான அல்லது சிவந்த திட்டு, வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும், வலி இல்லையென்று வாளாவிராமல் அரசாங்கப் பல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

தட்டில் வெற்றிலையை வைத்து அழைப்போம்; அன்புடன் பெற்றுக்கொள்வோம். மரியாதை கைகளிலேயே நிறைவுறுகிறது. வாய்க்குச் செல்ல வேண்டிய தேவை அதற்கில்லை.