வெயிலை வெந்நீராகச் சேமிப்போம்

யூரியா மூட்டை வாங்குவதை நிறுத்திவிட்டோம். பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போவதில்லை. ஆனால் வீட்டுக்குள் வருகிற இடுபொருளை எத்தனை பேர் கணக்குப் பார்க்கிறோம்? மின்சாரமும் விலைக்கு வாங்கும் இடுபொருள்தானுங்க. அதில் பெரிய பங்கைத் தின்பது கெய்சர்.

வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். மார்கழி, தை மாதங்களில் எங்கள் தொட்டித் தண்ணீர் 18 டிகிரியில் இருக்கும். அம்மாவுக்கு 86 வயது, வெந்நீர் இல்லாமல் முடியாது. பால் பாத்திரம் கழுவவும் வெந்நீர் வேண்டும். முன்பு அண்டாவில் விறகுதான். இங்கே விறகு பொறுக்கப் போவதென்றால் யானை, சிறுத்தை பயம் உண்டு, சோலைக்காட்டுக்கும் கேடு. அதனால் 2 கிலோவாட் சோலார், 150 ஆம்பியர் பேட்டரி இரண்டு, 25 லிட்டர் கெய்சர் என்று போட்டேன்.

செய்த தப்பு

"விடியற்காலையில கெய்சர் போட்டாலும் தாங்கும்" என்று பொருத்தியவர் சொன்னார், நம்பினேன். பேட்டரி இரண்டு வருஷம்கூட வரவில்லை. தை மாதக் குளிரில், அம்மா குளிக்கக் காத்திருந்தபோது இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது. "ஏனுங்க, முப்பது வருஷம் பேங்க்குல கணக்குப் பாத்தீங்க, இதப் பாக்கலையா?" என்றார் வீட்டுக்காரம்மா. நியாயமான கேள்வி. அப்புறம்தான் பேனா எடுத்தேன்.

கணக்கு

சூத்திரம் சுலபம். லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வரும். 25 லிட்டரை 18-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற, 25 × 37 ÷ 860 = சுமார் 1.1 யூனிட். தினம் இரண்டு முறை என்றால் 2.2 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 130 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட் கெய்சருக்கே பத்தாது.

இப்போது பேட்டரி. 12 வோல்ட் × 150 ஆம்பியர் × 2 = 3.6 யூனிட். ஈய பேட்டரியை பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். ஆக, கையில் இருப்பது 1.8 யூனிட். அதில் 2.2 எடுத்தால்? கணக்கில் இருப்பதற்கு மேல் செக் எழுதிய கதைதான்.

என்ன மாற்றினோம்

1. 50 லிட்டர் தொட்டி, 1 கிலோவாட் எலிமென்ட். 2 கிலோவாட் எலிமென்ட் என்றால் மேகம் மறைக்கும்போதெல்லாம் பேட்டரியை உறிஞ்சும். 1 கிலோவாட் மெதுவாக, வெயிலிலேயே ஓடும். முழுத் தொட்டி சூடாக இரண்டேகால் மணி நேரம் ஆகும்.

2. காலை 11 மணிக்கு டைமர் போடும். சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்தும். அந்த நேரத்தில் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் ஓட்டுவதில்லை.

3. குளியல் மாலைக்கு மாறியது. தோட்ட வேலை முடிந்து வருகிற உடம்புக்கு அதுதான் சுகம். மதியம் 55 டிகிரியில் இருந்தது மாலை ஆறரைக்கு 50-க்குக் குறையவில்லை. பச்சைத்தண்ணீர் கலந்தால் ஐந்தாறு வாளி தேறும். கெய்சர் வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு இழக்கும் என்பது அதில் இருக்கும்.

4. எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தொட்டியின் சேஃப்டி வால்வு. இந்த மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். எலிமென்ட் மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இப்போது வெயிலைச் சேமிப்பது தண்ணீர்த் தொட்டி. பேட்டரி விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும். இது நம் ஊர் யோசனை மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் பல காலமாக இரவில் ஓடிய ஹீட்டர்களை, கூரை சோலார் பெருகிய பிறகு நடுப்பகலுக்கு மாற்றி வருகிறார்கள்.

மழைக்காலம்

ஆனி, ஆடியில் வால்பாறையில் நாள் கணக்கில் வெயில் தெரியாது. அப்போது சோலார் தண்ணீர் சுடவைக்காது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களுக்கு மின்வாரியக் கரண்ட், அல்லது தோட்டத்தில் கவாத்து செய்த சில்வர் ஓக், காப்பிக் கிளைகளைக் காயவைத்து அண்டா அடுப்பு. காட்டு விறகு தொடுவதில்லை.

புதிதாகப் போடுபவர்களுக்கு

வெந்நீர் மட்டும்தான் தேவை என்றால் பேனல் வேண்டாம். குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டரே போதும், செலவும் குறைவு. மற்ற தேவைக்கும் மின்சாரம் வேண்டும் என்றால், நெட் மீட்டருடன் கிரிட்டில் இணைப்பது நல்லது. மிஞ்சியதை வாரியத்துக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். பேட்டரி மட்டும் வைத்த தனி அமைப்புக்கு இது கிடையாது. ஒன்றை மறக்காதீர்கள்: பேட்டரி இல்லாத கிரிட் அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் தொட்டித் தண்ணீரின் டிகிரியையும், வீட்டில் செலவாகும் வாளிகளையும் குறித்து வையுங்கள். 860-ஆல் வகுத்துப் பாருங்கள். அதன் பிறகு கடைக்காரரிடம் பேசுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். அதற்குக் கொடுத்த விலை இரண்டு பேட்டரி.