அப்பாவின் போட் இன்ஜினும் அரிமானப் பாடமும்



முதலாண்டு வேதியியலில் 'அரிமானம்' என்றொரு பாடம் வருகிறதல்லவா? பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடம் எங்கள் வீட்டு வாசலிலேயே உடைந்து கிடக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

என் அப்பா கடல் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். கடன் வாங்கி எங்கள் ஃபைபர் போட்டுக்குப் புது இன்ஜின் போட்டோம். நீளமான குழாயின் நுனியில் விசிறி சுற்றும் வகை. எட்டாவது மாதம் கடலில் இருக்கும்போதே நுனியிலுள்ள ஹவுசிங் உடைந்து விசிறி நின்றுவிட்டது. பக்கத்து போட்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதே மாடல் வாங்கிய பதினொரு பேரில் ஏழு பேருக்கு அதே இடத்தில் அதே உடைசல்!

கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "நீங்க கிரீஸ் சரியா போடல" என்றார். "ஏழு பேருமா சார் போடல?" என்று கேட்டார் அப்பா. பதில் இல்லை. பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லீவில் வந்த நான் உடைந்த துண்டைப் பார்த்தேன். சிவப்புத் துரு இல்லை, வெள்ளைப் பொடி. அப்போதுதான் பொறி தட்டியது. ஹவுசிங் அலுமினியம். விசிறி பித்தளை. போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுற்றிலும் உப்புத் தண்ணீர். வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருந்தால் அதுவே ஒரு மின்கலம். அலுமினியம் ஆனோடாகி அரிபடும்.

பெயிண்ட் யோசனை இன்னும் மோசம். அலுமினியத்தில் மட்டும் அடித்தால், கீறல் விழுந்த சின்ன இடத்தில் முழு அரிமானமும் குவிந்து ஓட்டை போட்டுவிடும். சின்ன ஆனோடு, பெரிய கேத்தோடு என்பது ஆபத்தான ஜோடி.

இது புது விஷயமும் அல்ல. பிரிட்டிஷ் கடற்படை 1761ல் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் மூடியது. 1763ல் பார்த்தபோது, செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இடையில் பழுப்புக் காகிதம் இருந்த இடத்தில் ஆணிகள் நன்றாக இருந்தன. 1824ல் ஹம்ப்ரி டேவி, துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் சேர்த்து வைத்தால் செம்பு காப்பாற்றப்படும் என்று காட்டினார். அந்தத் துண்டைத்தான் தியாக ஆனோடு என்கிறோம்.

இங்கே நானும் குழம்பினேன். அட்டவணையில் அலுமினியம் -1.66 வோல்ட், துத்தநாகம் -0.76 வோல்ட். அப்படியென்றால் துத்தநாகம் எப்படி அலுமினியத்தைக் காக்கும்? எங்கள் ஆசிரியர் விளக்கினார்: அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உண்டு, அதனால் கடல்நீரில் துத்தநாகம்தான் முதலில் கரையும்.

மூன்று கண்ணாடி டம்ளரில் கடல்நீர் ஊற்றி வைத்தேன். தனி அலுமினியம் ஒன்றில். பித்தளையோடு முடுக்கிய அலுமினியம் ஒன்றில். அதோடு துத்தநாகமும் சேர்த்தது ஒன்றில். மூன்று வாரத்தில் இரண்டாவது டம்ளரில் வெள்ளைப் பொடி. மூன்றாவதில் துத்தநாகம்தான் அரித்திருந்தது.

பிறகு ஏழு பேரின் இன்ஜின் எண், வாங்கிய தேதி, உடைந்த தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, போட்டோவோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி வைத்தோம். இந்த முறை ஒரு என்ஜினியரே வந்தார். சாக்கை அவிழ்த்துப் பார்த்தவர் வாதம் செய்யவில்லை. பதினொரு பேருக்கும் துத்தநாகக் கட்டியும் நைலான் வாஷரும் வைத்த புது ஹவுசிங் இலவசமாக வந்தது. தொழிலுக்குப் போகாத நாட்களுக்குக் காசு வரவில்லை. அந்த வட்டியை அப்பா இன்னும் கட்டுகிறார்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வடிவமைப்புக் குறைக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அந்தக் கம்பெனி மேஜையில் உட்காரப் போகிறோம். கரையிலிருந்து ஒரு கடிதம் வரும். பதில் எழுதும் முன், உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.