கீரைப் பாத்திக்கு எந்தத் தண்ணீர்?

நெசவாளர் இல்லங்களில் கொல்லைப்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கக் காண்கிறோம். தறிக்கே இடம் போதாத வீட்டில் தோட்டத்திற்கு இடம் ஏது என்று அங்கத்தினர்கள் வினவுவர். கீரைக்குப் பெரிய இடம் வேண்டுவதில்லை. ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு பாத்தி, அதன்மேல் அரைநாள் வெயில், நாள்தோறும் ஒன்றிரண்டு குடம் தண்ணீர், இவை போதும்.

தண்ணீரைப் பற்றியே முதலில் கூற வேண்டும். இதில் நானே ஒரு பிழை செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காகச் சென்ற ஓர் ஊரில், கிணற்றில் நீர் வற்றியதென வருந்திய அங்கத்தினர் ஒருவரிடம், வீட்டுக் கழிவு நீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுமாறு சொல்லி வந்தேன். எந்தக் கழிவு நீர் என்று பகுத்துச் சொல்லவில்லை. அவரோ வீட்டிலேயே நூலுக்குச் சாயமேற்றுபவர். மறுமுறை சென்றபோது மண்ணின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கீரை கருகிக் கிடந்தது. கருகியதே நன்றாயிற்று. தழைத்திருந்தால் அவர் குழந்தைகள் அதை உண்டிருப்பார்கள் அல்லவா?

அரிசி கழுவிய நீர், காய்கறி அலம்பிய நீர் ஆகியவை பாத்திக்கு ஏற்றவை. சாயத் தொட்டியின் நீரும், சாயநூலை அலசிய நீரும் ஒரு துளியும் ஆகா. அவற்றிலுள்ள உப்பும் காரச் சோடாவும் மண்ணைக் கெடுக்கும். சாயச் சரக்குகளுள் சில உடலுக்கே தீங்கானவை. நொய்யல் ஆற்று நீர் பாழானதையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் அறிவோம். பேராற்றுக்கே நேர்ந்தது ஒரு பாத்திக்கு நேராதா?

இனி விதைப்பு. மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, மக்கிய எருவை இரண்டு கூடை கலந்து சமப்படுத்துக. முளைக்கீரை விதை மிக நுண்ணியது. மணலுடன் கலந்தே தூவ வேண்டும். எறும்பு விதையை இழுத்துச் செல்லுமாதலால், பாத்தியின் ஓரத்தில் சிறிது நொய்யைத் தூவி வைப்பது நம் பெண்மணிகள் கையாளும் நல்ல உபாயம். முதல் சில நாட்களுக்குப் பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தைக் கவிழ்த்தால் விதை ஒரே மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்! பாத்தியை மூன்றாகப் பிரித்து, பத்து நாட்களுக்கு ஒரு பகுதியாக விதைத்தால், முதற்பகுதியை இருபத்தைந்தாம் நாள் வாக்கில் பறிக்கத் தொடங்கலாம். பறித்த இடத்தில் மீண்டும் விதைத்துவர, கீரை இடையறாது கிடைக்கும். அரைக்கீரையாயின் வேரோடு பிடுங்காமல் அறுத்தறுத்து எடுக்கலாம்.

பாலக்கீரை கடைகளில் மதிப்புப் பெற்றிருக்கிறது. அதுவும் வளரும், ஆயினும் கடுங்கோடையில் விரைவில் பூத்துவிடும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. எக்கீரையாயினும், உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்ப்பின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தின் குறையும். தறியடியில் தேநீரை நம்பியே பொழுதைக் கழிக்கும் நம்மவர், சிறப்பாக இரத்தசோகையுற்ற தாய்மார், இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரிக்கவும் இயலாது. கூலி நின்று, காய்கறிக்குக் கைப்பணம் இல்லாத காலம் அதுவே. அடைமழையோ முளைக்கீரையையும் அடித்து வீழ்த்தும். இலையின் அடியில் வெண்புள்ளிகள் தோன்றும் நோயும் அப்போது மிகும். ஆகவே, ஆடியிலேயே வேலியோரம் கொடிப்பசலைத் தண்டுகள் நான்கை ஊன்றி வைக்க வேண்டும். வெட்டிய தண்டே வேர்விடும். விலை கொடுக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டில் ஒரு கொடி இருந்தால் தெரு முழுமைக்கும் போதும்.

முளைக்கீரையில் திடமான செடிகள் இரண்டைப் பறிக்காமல் விட்டு, கதிர் காய்ந்தபின் உதிர்த்து, சாம்பல் கலந்து புட்டியில் அடைத்து வைத்தால் அடுத்த விதைப்புக்கு உதவும்.