பிள்ளைகளுக்கு பூஸ்டர் ஊசி: இதய பயத்தை எப்படி எடை போடுவது?

(ஜும்ஆ பயான், எழுத்து வடிவில்)



நம்மில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே கொற்கை, ஏரல், காயல் பக்கம். இன்னொரு கால் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ. அங்கே பேரப்பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள்: "பதினைந்து வயதுப் பையனுக்கு கொரோனா பூஸ்டர் போடலாமா ஹஜ்ரத்? போட்டால் ஹார்ட் கெட்டுப்போகும் என்கிறார்களே?" இது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்காக மட்டும் என்றால் நான் மிம்பரில் பேச மாட்டேன். ஆனால் இதே பயத்தில், "பள்ளிக்கூடத்தில் போடும் ஊசியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்று இங்குள்ள சில பெற்றோர் சொல்வது காதில் விழுகிறது. அதனால்தான் இன்று பேச வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஒன்று. நோய்க்குப் பயப்படுவதும், மருந்துக்குப் பயப்படுவதும் ஈமானில் குறைவு அல்ல. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுப் போய் 'ஸர்ஃ' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வந்தது. புகாரி ஷரீஃபில் வரும் சம்பவம். உமர் (ரலி) என்ன செய்தார்கள்? முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள்; இரண்டு கருத்து. அன்சாரிகளை அழைத்துக் கேட்டார்கள். அங்கேயும் இரண்டு கருத்து. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்றார்கள். திரும்ப முடிவானது. அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இது அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதல்லவா என்று கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று விளக்கினார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் வறண்ட கரையில் மேய்த்தாலும், பச்சைக் கரையில் மேய்த்தாலும் இரண்டுமே அல்லாஹ்வின் விதிப்படிதான். அதற்காக எவனாவது பச்சையை விட்டுவிட்டு வறண்ட பக்கம் ஓட்டிப் போவானா?

இதில் நான் கவனிக்கச் சொல்வது, ஸஹாபாக்களே இரண்டு கருத்தாக இருந்தார்கள் என்பதைத்தான். எதிர்க் கருத்து சொன்ன அபூ உபைதா (ரலி) சொர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். யாரும் யாரையும் ஈமான் இல்லாதவர் என்று சொல்லவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஊசி போட்டவர் போடாதவரையும், போடாதவர் போட்டவரையும் என்னவெல்லாம் பேசினோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதய பயம் வெறும் புரளியா? இல்லை. ஃபைசர், மாடர்னா என்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுக்குப் பிறகு, குறிப்பாக வாலிப வயது ஆண்பிள்ளைகளுக்கு, இரண்டாம் டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அமெரிக்காவில் எடுத்த கணக்கில் 16, 17 வயதுப் பையன்களில், ஃபைசர் இரண்டாம் டோஸுக்குப் பின், பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 106 பேர். அதாவது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர். பின்னால் வந்த 2023-24 ஊசிக்கு, 12 முதல் 24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 27 என்று அமெரிக்க மருந்துத் துறை 2025 ஜூனில் எச்சரிக்கைக் குறிப்பில் எழுத வைத்தது. பெரும்பாலோர் ஓய்விலும் மருந்திலும் தேறிவிட்டார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் ஸ்கேனில் அடையாளம் நின்றது. சிங்கப்பூரில் 2021-இல் முதல் டோஸ் போட்ட 16 வயது மாணவன், சில நாளில் எடை தூக்கும் பயிற்சிக்குப் பிறகு மாரடைத்து விழுந்தான். அந்த அரசு அதை மறைக்கவில்லை. 2,25,000 சிங்கப்பூர் டாலர் உதவித்தொகை கொடுத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொரோனா நோயே இதயத் தசையைத் தாக்கக்கூடியது. ஊசி வேண்டாம் என்று சொன்னால் ஆபத்தே இல்லாத இடத்துக்குப் போய்விட்டோம் என்று அர்த்தமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாம் பார்த்ததுதானே? வீட்டிலிருந்து இறங்கினாலும் ஆபத்து, மாடியில் இருந்தாலும் ஆபத்து. தண்ணீர் எவ்வளவு, வீடு எப்படி, கூட யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தானே முடிவு செய்தோம்? இரண்டு தீங்கு வந்தால் இலேசானதை எடு என்பது ஃபிக்ஹின் சட்டவிதி. எது இலேசானது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்கு ஒரு கணக்கு, ஓடியாடுகிற பிள்ளைக்கு வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனமே 2023 மார்ச்சில், ஆரோக்கியமான பிள்ளைகளைக் கொரோனா ஊசியில் கடைசி வரிசையில்தான் வைத்தது. ஆக, வெளிநாட்டில் இருக்கும் ஆரோக்கியமான பேரனுக்கு பூஸ்டர் போடவில்லை என்றால் அது குற்றமல்ல. டாக்டர் சொல்லிப் போட்டால் அதுவும் குற்றமல்ல.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தவக்குல் பற்றிப் பேசும்போது காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உறுதியானது, பெரும்பாலும் பயன் தருவது, வெறும் ஊகம். தாகத்துக்குத் தண்ணீர் உறுதியானது; சாகும் நிலையில் அதை விடுவது ஹராம். மருத்துவம் பெரும்பாலும் நடுவில் உள்ள வகை. அதைச் செய்வது தவக்குலுக்கு மாற்றமல்ல; விடுவதும் எல்லா நேரத்திலும் பாவம் ஆகாது. நம் ஷாஃபிஈ மத்ஹபிலும் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத் என்றுதான் வருகிறது.

முடிவெடுக்கும்போது ஒருவரை விட்டுவிடுகிறோம். வாப்பா துபாயில், உம்மா ஒரு கருத்து, வாப்புச்சி ஒரு கருத்து. அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா? பதினாறு வயதில் அவன் பாலிக். தொழுகைக்கு அவனே பொறுப்பாளி. அவன் உடம்பைப் பற்றிய மஷ்வராவில் அவனுக்கும் இடம் கொடுங்கள்.

இப்போது நம் ஊர் விஷயம். இந்தியாவில் 2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டது கோவாக்சின். மார்ச் 16 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டது கோர்பேவாக்ஸ். இரண்டுமே எம்.ஆர்.என்.ஏ. அல்ல. மூன்றாம் டோஸ் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் திறந்தார்கள். அமெரிக்கக் கணக்கை எடுத்து ஏரல் பிள்ளை மேல் வைத்துப் பயப்படுவது, அடுத்த வீட்டுக்காரரின் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் மாத்திரை போடுவது மாதிரி.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார். 17 அன்று இறந்தார். தமிழ்நாடே பயந்தது. இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். பிறகு தேசியக் குழு ஆய்வு செய்து, ஊசியால் வந்த மரணமல்ல என்று அறிவித்தது. அந்த அறிவிப்பை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தோம்? மருத்துவம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பவன் அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. தெரியாமல் மருத்துவம் ஃபார்வர்டு செய்பவர்களும் இந்த ஹதீஸைப் பயந்துகொள்ள வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையில் இங்கே வரும் பூஸ்டர் எது? 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசி. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரானது. இதற்கும் நான் மேலே சொன்ன இதயப் பிரச்சினைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் தொண்டை அடைப்பான் நோய்க்குச் சம்பந்தம் உண்டு: அந்தக் கிருமியின் விஷம் இதயத் தசையைத்தான் போய்த் தாக்குகிறது, அந்த நோயில் பிள்ளைகள் இறப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பக்கத்துக் கேரளாவில், மலப்புறத்தில், 2016-இல் ஊசி போடாத பிள்ளைகள் இந்த நோயில் உயிரிழந்தார்கள். நம்மைப் போன்ற ஜமாஅத்துகள் நிறைந்த மாவட்டம் அது. இதயத்துக்குப் பயந்து டி.டி. ஊசியை மறுப்பவர், பயந்த அதே ஆபத்துக்குள் பிள்ளையை அனுப்புகிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெற்றோர் திங்கட்கிழமை பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய்க் கேளுங்கள். விட்டுப்போன ஊசியைப் பிறகும் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டுவந்த பையன் இருந்தால், இரண்டு வாரம் கடும் விளையாட்டும் ஜிம்மும் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், படபடப்பு என்று சொன்னால் "கேஸ்தான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கோ, பாளை ஹைகிரவுண்டுக்கோ அன்றைக்கே கூட்டிப் போய், என்ன ஊசி, எந்தத் தேதி என்று சொல்லி, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் உடலுக்கும் இதயத்துக்கும் ஆஃபியத்தைத் தருவாயாக. ஆமீன்.