பழைய ஆலை மனையில் பள்ளி கட்டலாமா?

ஊருக்குப் பொதுக் கட்டடம் ஒன்று வேண்டும். இடமோ எளிதில் கிடைப்பதில்லை. இந்நிலையில் மூடிக் கிடக்கும் தோல் பதனிடும் சாலை, சாயப்பட்டறை, பூச்சிமருந்துக் கிடங்கு முதலியவற்றின் மனை பஞ்சாயத்தாரின் கண்ணில் படுவது இயல்பே. பாதை உண்டு, மின்சாரம் உண்டு, விலையும் குறைவு. ஆயினும், அங்கே பள்ளி கட்டவோ, வீட்டுமனை பிரிக்கவோ, உழுது பயிரிடவோ தீர்மானம் நிறைவேற்றுமுன், அம்மண்ணில் என்ன தங்கியுள்ளது என்பதை ஆராய்தல் மிகவும் அவசியமாகும்.

ஆலை மூடப்பட்டதும் மாசும் ஒழிந்தது என்று எண்ணுவது தவறு. இராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கப்பெற்ற குரோமேட் தொழிற்சாலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. ஆனால் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தபோது அதனின்று மஞ்சள் நிற நீர் கசிந்தது. நிலத்தடி நீரும் கெட்டது. உலோகம் இலைதழையைப் போல மட்கி மறைவதில்லை.

நஞ்சு இருப்பது வேறு. அதனால் கேடு விளைவது வேறு. கேடு விளைய மூன்று வேண்டும்: நஞ்சு, அது செல்லும் வழி, அது சென்று சேரும் உயிர். சிமெண்டுத் தளத்தின் கீழ் அசையாது கிடக்கும் ஈயம் கிடங்கில் வேலை செய்பவரை எளிதில் அடைவதில்லை. அதே ஈயம் அங்கன்வாடி முற்றத்தின் மேல்மண்ணில் இருந்தால், மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையை நாள்தோறும் அடையும். வளரும் மூளையைப் பாதிக்கும். மேயும் மாடு புல்லோடு மண்ணையும் விழுங்குகிறது. கீரையின் இலையில் மண் ஒட்டிக்கொள்கிறது. மண்புழு நஞ்சை ஏற்கிறது; அதைத் தின்னும் பறவையும் ஏற்கிறது. ஆகவே, எந்த உபயோகத்திற்கு இடம் வேண்டும் என்பதை முடிவு செய்யாமல், “இந்த மண் நல்லதா?” என்று கேட்பதில் பொருளில்லை.

இங்கே விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மண்வள அட்டையில் 12 விவரங்கள் உள்ளன. கார அமிலநிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்துக்கள், துத்தநாகம் போன்ற நுண்சத்துக்கள் அவற்றில் அடங்கும். ஈயம், குரோமியம், பாதரசம், காட்மியம் ஆகியன அவற்றில் இல்லை. தோல் பதனிடும் சாலையிலிருந்து பரவிய உப்பை அவ்வட்டை காட்டிக் கொடுக்கும், குரோமியத்தைக் காட்டாது. அட்டை நன்றாயிருக்கிறது என்பதற்காக நிலம் மாசற்றது என்று கொள்ளலாகாது.

மாதிரி எடுக்கும் முறையும் வேறு. பயிருக்காகப் பல இடங்களில் அரையடி ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக்கிலோ அனுப்புகிறோம். மாசு ஆராய்ச்சிக்கு இது உதவாது. பத்து இடங்களில் ஓரிடத்தில் மட்டும் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகக் கொள்வோம். பத்தையும் கலந்தால் ஏறக்குறைய 200 என்றே தெரியும். தொட்டி இருந்த இடம், கழிவுக் கால்வாய், சாம்பல் கொட்டிய மூலை ஆகியவற்றில் தனித்தனியே எடுக்க வேண்டும். குழந்தைகள் புழங்கும் இடமானால் மேல் இரண்டு அங்குல மண்ணைத் தனியே சோதிக்க வேண்டும். ஒப்புநோக்குவதற்கு, கழிவு அண்டாத மேட்டு நிலத்து மண்ணும் தேவை. கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது நலம்.

குரோமியத்தில் இருவகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் வகை பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆறிணைதிறன் வகை நீரில் கரைந்து கிணற்றுக்குச் செல்லும். தோலில் புண் உண்டாக்கும். தூசியாக மூச்சில் சென்றால் நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று மட்டும் கூறும் அறிக்கை போதாது. ஆறிணைதிறன் எவ்வளவு என்று கேட்டுப் பெற வேண்டும். (பதனிட்ட தோல் துண்டுகளை எரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முதல்வகை இரண்டாம் வகையாக மாற அது இடந்தரும், விட்டொழிக்க வேண்டியது.)

சோதனையில் மாசு தெரிந்தால், அந்த மண்ணை வெட்டி ஏரிக்கரையிலோ பள்ளத்திலோ கொட்டுவது கேட்டை இடம் மாற்றுவதேயன்றி வேறில்லை. ஆலைக் கழிவு கலந்த ஏரியின் வண்டலை வயலுக்கு அடிப்பதும் அத்தகையதே.

மனையின் வரலாற்றை முதியோரிடமும் அங்கே வேலை செய்தவர்களிடமும் கேட்டு எழுதி வைப்பதற்குச் செலவில்லை. முதலில் செய்யத் தக்கது அதுவே. மாசடைந்த இடங்களைப் பற்றி மத்திய அரசு 2025-ஆம் ஆண்டில் விதிகள் வெளியிட்டுள்ளது. ஐயத்திற்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தெரிவிக்க அவை வகைசெய்கின்றன. எனவே கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். மனையின் சர்வே எண், அங்கு நடந்த தொழில், நடந்த ஆண்டுகள், அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகள், கட்ட உத்தேசித்துள்ள கட்டடம் ஆகிய விவரங்களை அத்துடன் இணைத்தல் வேண்டும்.