பொள்ளாச்சி கொக்கோ தோப்புக்கு நண்பர்களோடு போகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலை, ஆழியாறு பக்கம் திரும்பினால் சாலையின் இருபுறமும் தென்னைதான். அந்தத் தென்னைகளுக்கு நடுவே, ஆளைவிடக் கொஞ்சம் உயரமாக, அகன்ற இலைகளோடு நிற்கிறது கொக்கோ மரம். காரில் விரைபவர் கண்ணில் அது படுவதே இல்லை. அமேசான் காட்டுப் பெருமரங்களின் நிழலில் வளர்ந்த செடிக்கு இங்கே தென்னை நிழல் தருகிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1798-லேயே குற்றாலத்தில் கொக்கோவை நட்டுப் பார்த்தது.

சாக்லேட் தோட்டம் பார்க்கக் கிளம்பும் கூட்டம் பெரும்பாலும் மரத்தில் தொங்கும் காயைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. ஆனால் காயில் சாக்லேட் வாசனை துளியும் கிடையாது. பறித்த பிறகு நடக்கும் ஒரு வார வேலையில்தான் அதற்கு அடித்தளம் விழுகிறது. அந்த வேலை நடக்கும் நாளில் போய்ச் சேர வேண்டும், போன இடத்தில் அதைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. தேதியைத் தோப்புக்காரரிடம் கேட்டுக் குறியுங்கள். உங்கள் நண்பர்களுக்கு எந்தச் சனிக்கிழமை ஒத்துவரும் என்பது அப்புறம். தென்னிந்தியாவில் கொக்கோ ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். மிகுதியாகக் காய்ப்பது செப்டம்பர் முதல் ஜனவரி வரையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையும். போனில் இரண்டே கேள்வி போதும்: “என்னைக்குங்க காய் பறிக்கறீங்க? அன்னிக்குப் புளிக்கவைக்கற பெட்டியில கொட்டை இருக்குங்களா?”

2. கொட்டையைத் தாங்களே புளிக்கவைக்கும் தோப்பு ஒன்றாவது பயணத்தில் இருக்கட்டும். சிறு விவசாயிகள் பலர் பறித்த அன்றே பச்சைக் கொட்டையை எடைபோட்டு விற்றுவிடுவார்கள். அங்கே மரத்தை மட்டும்தான் பார்க்க முடியும். புளிக்கவைக்கும் இடத்தில், சுளையோடு கூடிய கொட்டையை மரப்பெட்டியில் நிரப்பி, வாழையிலையோ சாக்கோ போட்டு மூடியிருப்பார்கள். ஐந்து முதல் ஏழு நாள் வரை அது உள்ளே கிடக்கும், இடையிடையே கிளறிவிடுவார்கள். முதலில் கள் வாடை, பிறகு வினிகர் நெடி. நெருப்பே இல்லாமல் உள்ளே 45 டிகிரிக்கு மேல் சூடேறும். கொட்டையின் முளை செத்து, ஊதா நிறம் பழுப்பாக மாறி, கசப்பும் துவர்ப்பும் தணிவது இந்தக் கட்டத்தில்தான். இங்கே கோட்டை விட்டதைப் பிறகு எந்த வறுவலும் சரிசெய்யாது.

3. காலை ஏழு, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். காய் பறிப்பதும் உடைப்பதும் வெயில் ஏறுவதற்குள் நடக்கிற வேலை. பதினொரு மணிக்கு இறங்கினால் காலி ஓடுகளின் குவியல்தான் மிச்சமிருக்கும்.

4. மூடிய ஷூவும் முழுக்கால் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தடியில் சருகு கணுக்கால் வரை கிடக்கும். அதற்குள் பாம்பும் இருக்கலாம். சருகைக் கூட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று நினைக்க வேண்டாம். கொக்கோ பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பொடிப் பூச்சிகள் ஈரச் சருகில்தான் பெருகுகின்றன. ஒரு தோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் ஷூவின் மண்ணைத் தட்டிக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம். காயைக் கறுக்கடித்து அழுகவைக்கும் நோயின் கிருமி ஈர மண்ணோடு பயணம் செய்யும்.

5. சுளையைச் சப்பிப் பாருங்கள். காயைக் கல்லிலோ கட்டையிலோ தட்டி உடைத்துத் தருவார்கள். கத்தி போட்டால் உள்ளே கொட்டை வெட்டுப்படும். வெள்ளைச் சுளை புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பிறகு பச்சைக் கொட்டையை ஒரு கடி கடியுங்கள். கசப்பில் முகம் சுளிக்கும். அதே கையோடு புளித்துக் காய்ந்த கொட்டையையும் கேட்டு வாங்கிக் கடியுங்கள். ஒரு வாரம் என்ன செய்தது என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும்.

6. இன்னொரு நாள் கையில் இருந்தால் பாலக்காடு வழியாகத் திருச்சூர்ப் பக்கம் போங்கள். குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டினால், திருச்சூர் நகரத்துக்கு முன்பே வெள்ளானிக்கரை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கொக்கோ ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது. முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு வார நாளில் போவது நல்லது.

7. தோப்பைச் சுற்றிக்காட்டக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். “அதெல்லாம் எதுக்குங்க” என்று சொன்னாலும், உங்களுக்காக வேலையை விட்டுவந்தவரின் அரை நாள் கூலியைக் கணக்கில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. காயைத் திருகிப் பறிக்காதீர்கள். கொக்கோ பூப்பது தண்டிலும் தடித்த கிளையிலும்தான். ஒருமுறை பூத்த முடிச்சிலேயே மறுபடி மறுபடி பூக்கும். காயைத் திருகினால் அந்த முடிச்சும் பிய்ந்துவிடும். அந்த இடத்தில் இனிக் காய் கிடையாது. அதனால்தான் காம்பைக் கத்தரியால் நறுக்குகிறார்கள். படத்துக்காகத் தண்டில் சாய்வதும் கிளையைப் பிடித்துத் தொங்குவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். நூறு பூவில் ஐந்து காயானாலே பெரிது. அந்தக் காய் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும்.

2. தென்னைக்கு அடியில் காரை நிறுத்தாதீர்கள், பாய் விரித்து உட்காராதீர்கள். எல்லோரும் கொக்கோவையே பார்த்துக்கொண்டிருக்க, மட்டையோ நெற்றோ மேலிருந்து விழும். வண்டியைத் தோப்புக்குள் ஓட்டவும் வேண்டாம். சருகுக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும்.

3. புளிக்கும் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். சூடு இறங்கினால் வேலை கெடும். காயப்போட்ட கொட்டை மேல் நடக்கவும் கூடாது.

4. கொட்டை காயும் களத்துப் பக்கம் சிகரெட், விறகடுப்பு இரண்டும் வேண்டாம். கொட்டையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. புகை வாடை ஒட்டினால் போகாது. அந்தக் கொட்டைக்கு நல்ல விலையும் கிடைக்காது.

5. பாட்டிலோடு தோப்புக்குள் போகாதீர்கள். அங்கே செருப்பில்லாமல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சருகில் விழுந்த கண்ணாடிச் சில்லைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

6. அதே நாளில் வால்பாறையையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பர் பாவம். மேலே கொக்கோவும் இல்லை. அங்கே பெரும்பாலும் தேயிலைதான்.

7. வேலை செய்யும் அக்காக்களை, அண்ணன்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். “எடுத்துக்கட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை போதும்.

8. “ஏக்கருக்கு எவ்வளவு வருது?” என்று கேட்காதீர்கள். விலை ஏறி இறங்கிய கதையைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் விழுந்ததால் 2024-ல் உலகச் சந்தையில் கொக்கோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே மளமளவென இறங்கியது. இரண்டையும் அவர்கள் தோப்புக்குள் இருந்தபடியே பார்த்தவர்கள்.

9. கொட்டையை விதைக்கென்று பையில் போட்டு வராதீர்கள். காயிலிருந்து எடுத்துக் காய்ந்த கொட்டை முளைக்காது. ஆசையிருந்தால் நாற்றுப்பண்ணையில் கன்று வாங்குங்கள்.

10. வாங்கிய சாக்லேட்டை நிறுத்திய காரில் விடாதீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாயில் மணல் மாதிரி நெறநெறக்கும். ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள்.

11. தோப்பிலேயே செய்து விற்கும் சாக்லேட்டுக்குப் பேரம் பேசாதீர்கள். ஒரு காயில் ஏறக்குறைய 40 கொட்டை இருக்கும். காய்ந்தபின் ஒரு கொட்டை ஏறக்குறைய ஒரு கிராம்தான் நிற்கும். வறுத்துத் தோல் நீக்கினால் இன்னும் குறையும். 70 சதவீதக் கொக்கோ உள்ள 100 கிராம் பார் ஒன்றுக்கு இரண்டு காயாவது வேண்டும். அதற்கு மேல் பறிப்பு, புளிக்கவைத்தல், உலர்த்தல், வறுவல், அரைப்பு என்று எத்தனை கை பட வேண்டும் என்பதை நீங்களே காலையிலிருந்து பார்த்திருப்பீர்கள். விலை கட்டுப்படியாகவில்லையா? சின்ன பாராக வாங்கி ஆளுக்கொரு துண்டு பிட்டுக்கொள்ளுங்கள்.