குடும்ப சிகிச்சை பயில்வோர் எவ்வழியைத் தேர்வது?

சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டுமென்ற அபிலாஷையோடு குடும்ப சிகிச்சை பயில விரும்பும் இளைஞர் முதலில் அறிய வேண்டியது சட்டத்தை. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் பெறாதவர் மலேசியாவில் ஆலோசகராகப் பணிபுரிய இயலாதாகையால், வாரக் கடைசிப் பட்டறைகள் எத்துணைச் சுவையாயிருப்பினும் பட்டத்துக்கு ஈடாகா.

பட்டப் படிப்பிலோ இரு போக்குகள் உள்ளன. சித்தாந்தங்களை முழுதும் போதித்துவிட்டு இறுதியில் மட்டும் குடும்பங்களிடம் அனுப்புவது ஒன்று. பாடத்தோடு கூடவே, தொடக்கமுதல், மேற்பார்வையின் கீழ்க் குடும்பங்களைச் சந்திக்க வைப்பது மற்றொன்று. முன்னதில், குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளான போவன், சட்டீர், மினூச்சின் ஆகியோரை நிதானமாக ஒப்புநோக்க அவகாசமுண்டு. எனினும் நான் பின்னதையே பரிந்துரைப்பேன்.

உதாரணமாக, லயத்து வீடொன்றில், பள்ளிக்குப் போக மறுக்கும் பையனைப் பற்றித் தாயிடம் கேட்கிறோம். அவள் வாய் திறக்குமுன் அவள் கண், அடுக்களை நிலைப்படியில் குந்தியிருக்கும் மாமியாரிடம் சென்று திரும்புகிறது. குடும்பத்தினுள் எல்லைகளும் அதிகார அடுக்குகளும் உண்டென்று மினூச்சின் 1974இல் விளக்கிய நூலைப் பரீட்சைக்காக மட்டும் படித்தவர் அப்பார்வையைக் கவனியாமலே விடக்கூடும். அல்லது, அதைவிடத் தீங்காக, கிழவியின் செல்வாக்கையே நோயென்று தீர்மானித்துவிடக்கூடும். அப்பையனை வளர்த்தவளே அவள் என்பதைக் கண்டு வந்து, அன்றே ஆசிரியரோடு விவாதிப்பவருக்கு, நூலில் எது பொருந்தும், எது பொருந்தாது என்ற விவேகம் பிறக்கிறது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பிலடெல்பியாவில் மினூச்சினும் சக சிகிச்சையாளர் ஜே ஹேலியும், உயர்கல்வி பெறாத ஏழைக் குடியிருப்பு மக்களையே தேர்ந்தெடுத்து, சிகிச்சை நடக்கும்போதே ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து கவனித்து வழிகாட்டிச் சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ, நோயாளியோடு உறவினரும் உடன் தங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கே குடும்பம் மாணவரின் கண்முன்னே வாழ்கிறது.

ஆகவே கல்விக் கட்டணத்தை விசாரிப்பதோடு நில்லாமல், முதற் குடும்பத்தை எப்போது சந்திக்கலாம், அச்சந்திப்பை ஆசிரியர் நேரில் காண்பாரா, குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவையாவது கேட்பாரா என்றும் வினவுக. மேற்பார்வையாளர் தமிழ் அறிந்தவராயிருப்பது பெரும் பாக்கியம். இல்லையேல், நடந்ததில் நாம் கவனித்த பங்கு மட்டுமே அவரை எட்டும். வசதியின்மையால் முதல்வகைக் கல்வியே வாய்க்குமாயின், பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை அணுகி, குடும்பத்தார் இசைந்தால் அவர் பணியை உடனிருந்து காணும் வாய்ப்பை முதலாண்டிலேயே கேட்டுப் பெறுக.